நம்பகமான கம்ப்யூட்டர் பிராண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"அண்ணாச்சி, எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் நல்லா உழைக்கும்? ஒரு பேரை மட்டும் சொல்லுங்க, போதும்."

மேலகரத்தில் என் வீட்டு முன்னறையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக டைப்பிங் சென்டர் நடத்தி வருகிறேன். அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். இந்த முறை கேட்டவர் எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு சகோதரி. கணவர் இல்லை. மகள் பி.காம். முடித்து டேலி படித்திருக்கிறாள். தென்காசியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், வீட்டிலிருந்தபடியே ஜி.எஸ்.டி. கணக்குகளைப் பதிவு செய்து கொடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். அதற்காகச் சீட்டு எடுத்த 40 ஆயிரம் ரூபாயை ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு என் முன்னால் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பெயர் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்தான். "இத்தனை வருஷமா கம்ப்யூட்டரோடயே இருக்கீங்க. ஒரு பேரு கூடவா தெரியாது?" என்று கேட்டே விட்டார். ஏன் பெயர் சொல்லவில்லை, அதற்குப் பதிலாக என்ன சொன்னேன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கும், வாங்கி ஓரிரு மாதமே ஆனவர்களுக்கும் இது பயன்படும்.

நான் பட்ட பாடு

2003ஆம் ஆண்டு என் சென்டருக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வாங்கினேன். ஒன்று விளம்பரங்களில் அடிக்கடி வந்த ஒரு பெரிய பிராண்ட். மற்றொன்று தென்காசியில் ஒரு கடையில் அசெம்பிள் செய்தது. பிராண்டட் கம்ப்யூட்டரைக் கடன் வாங்கி வாங்கினேன். பெருமை தாங்காமல் என் மச்சானுக்கும் அதே பெயரைச் சிபாரிசு செய்தேன். அவரும் வாங்கிவிட்டார்.

அடுத்த ஆண்டு மே மாதம். பள்ளி, கல்லூரி விண்ணப்பங்களை டைப் செய்ய ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரம். ஒரு மாலை இடியோடு மழை. இரண்டு கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளையும், அதாவது எஸ்.எம்.பி.எஸ்.ஸும், ஒரே நேரத்தில் போய்விட்டன.

அசெம்பிள்டு கம்ப்யூட்டரை மறுநாள் காலை தென்காசிக்குத் தூக்கிச் சென்றேன். ஒரு மணி நேரத்தில் புதிய எஸ்.எம்.பி.எஸ். மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிராண்டட் கம்ப்யூட்டருக்குச் சென்னைக்குப் போன் செய்தேன். மதுரையிலிருந்து ஆள் வருவார் என்றார்கள். வந்தார், 23 நாள் கழித்து. மின்னலால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்றார். சரி, கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நானே மாட்டிக் கொள்கிறேன் என்றால், அதன் அளவும் வேறு, மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் வேறு. அந்தக் கம்பெனி பொருளைத்தான் வாங்கியாக வேண்டும். மூன்று மடங்கு விலை. சீசன் வருமானம் போயிற்று.

மச்சானின் கம்ப்யூட்டர் வாரண்டி முடிந்த சில மாதங்களில் மதர்போர்டு பழுதாகி நின்றது. வீட்டு விசேஷங்களில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அன்று நான் செய்த தவறு கெட்ட பிராண்டை வாங்கியது அல்ல. சென்னையிலும் பெங்களூரிலும் அந்த பிராண்டுக்கு நல்ல பெயர்தான். "இது பழுதானால் மேலகரத்தில் என்ன நடக்கும்?" என்று கேட்காமல் வாங்கியதுதான் தவறு.

பெட்டிக்குள் இருப்பது யாருடையது?

புதியவர்கள் முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டரின் மேல் ஒட்டியிருக்கும் பெயருக்குரிய கம்பெனி, உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பதில்லை.

பிராசசர் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ஹார்ட் டிஸ்க் என்றால் உலகத்திலேயே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்று கம்பெனிகள்தான். ராம் சிப்புகளில் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகியவற்றிலிருந்து வருகிறது. விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டுடையது. நீங்கள் டெல் வாங்கினாலும், எச்.பி. வாங்கினாலும், லெனோவோ, ஏசர் வாங்கினாலும், தெருமுனைக் கடையில் அசெம்பிள் செய்தாலும் இதுதான் நிலை.

அப்படியானால் பிராண்ட் கம்பெனி என்னதான் செய்கிறது? மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் ஆகியவற்றைத் தன் விருப்பப்படி வடிவமைத்துத் தருவிக்கிறது. எல்லாப் பாகங்களும் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று சோதிக்கிறது. பயாஸ் அப்டேட்டுகளை வெளியிடுகிறது. பழுதானால் சரி செய்து தருவதாக வாக்குக் கொடுக்கிறது. எனவே "எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்கும்போது, உண்மையில் நீங்கள் கேட்பது மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., சர்வீஸ் ஆகிய மூன்றைப் பற்றித்தான்.

பெரிய பெயர்களும் போய்விடும்

பிராண்டின் பெயரை மட்டும் நம்புவது ஏன் போதாது? நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னால் புரியும்.

திருச்செந்தூர் அருகே மூலைப்பொழி கிராமத்தில் பிறந்தவர் சிவ நாடார். அவரும் நண்பர்களும் 1976ல் தொடங்கியது எச்.சி.எல். இந்தியாவில் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய காலத்தில் அது முன்னணி பிராண்டுகளில் ஒன்று. அதன் கம்ப்யூட்டர்கள் புதுச்சேரியில் தயாராயின. பீன்ஸ்டாக், பிஸிபீ என்ற பெயர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2005ல் ரூ.9,990 விலைக்கே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்படிப்பட்ட எச்.சி.எல். 2013ல் கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து விலகிக் கொண்டது. அதே ஆண்டில் விப்ரோவும் கம்ப்யூட்டர் தயாரிப்பை நிறுத்தியது. ஒரு காலத்தில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் தந்த மும்பையின் ஜெனித்தும் சந்தையில் இல்லாமல் போயிற்று.

வெளிநாட்டு பிராண்டுகளும் விதிவிலக்கல்ல. 1981ல் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்திய ஐ.பி.எம்., அந்தப் பிரிவையே 2005ல் சீனாவின் லெனோவோவுக்கு விற்றுவிட்டது. காம்பாக் 2002ல் எச்.பி.யோடு இணைந்தது. ராம், எஸ்.எஸ்.டி. வாங்குவோர் நம்பிய குரூசியல் பிராண்டின் நுகர்வோர் விற்பனையை நிறுத்தப் போவதாக அதன் உரிமையாளரான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

இவை எல்லாம் மோசமான கம்பெனிகள் என்று சொல்லவில்லை. லாபம் குறைந்த தொழிலை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போவது அவர்கள் விருப்பம். ஆனால் உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகும் ஐந்தாறு ஆண்டுகள் ஓட வேண்டுமே! கம்பெனியே போனாலும் உள்ளூரில் பழுது பார்க்க முடிகிற கம்ப்யூட்டர்தான் நமக்கு நம்பகமானது.

நல்ல பிராண்டிலும் கெட்ட சரக்கு

இன்னொரு விஷயம். எந்த பிராண்டும் எப்போதும் நல்ல சரக்கையே தந்ததில்லை.

1999 முதல் 2007 வரையிலான காலத்தில் உலகம் முழுவதும் மதர்போர்டுகளில் இருந்த கெப்பாசிட்டர்கள் உப்பி, மேல்பகுதி வெடித்துக் கசிந்தன. சின்னப் பேட்டரி போல உருளையாக நிற்குமே, அவைதான். பெரிய சிறிய கம்பெனிகள் பலவும் மாட்டிக்கொண்டன. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மாடல்கள் சில இதில் கடுமையாக அடிபட்டன. அவற்றைச் சரி செய்ய 2005ல் மட்டும் சுமார் 30 கோடி டாலரை அந்தக் கம்பெனி ஒதுக்க வேண்டியிருந்தது.

2011 ஜனவரியில் இன்டெல் தன் புதிய 6 சீரீஸ் சிப்செட்டில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஹார்ட் டிஸ்க் இணைக்கும் சாட்டா போர்ட்டுகளில் சில நாளடைவில் வலுவிழந்துவிடும். திரும்பப் பெற்று மாற்றித் தர 70 கோடி டாலர் வரை ஆகும் என்று அந்தக் கம்பெனியே கணித்தது. 2024ல் மீண்டும் ஒரு சிக்கல். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, தேவைக்கு அதிகமான வோல்டேஜை எடுத்துக்கொண்டு நாளடைவில் நிலைகுலைந்தன. அதற்கான திருத்தத்தை பயாஸ் அப்டேட் மூலம் தந்ததோடு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள்.

குறையே வராத கம்பெனி கிடையாது. குறை வந்தபின் ஒப்புக்கொண்டு, மாற்றித் தருகிற கம்பெனி உண்டு. பிராண்டை அப்படித்தான் எடை போட வேண்டும். அதோடு, 13 அல்லது 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் உள்ள டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்யப்பட்டுள்ளதா என்று கடைக்காரரிடம் அவசியம் கேளுங்கள்.

ஒரே பிராண்டில் இரண்டு வகை

"அந்த பிராண்ட் சூப்பர்" என்று ஒருவரும், "அந்த பிராண்ட் குப்பை" என்று இன்னொருவரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம்! ஏனென்றால் பெரிய கம்பெனிகள் வீட்டு உபயோகத்துக்கு ஒரு வரிசையும் அலுவலக உபயோகத்துக்கு இன்னொரு வரிசையும் வைத்திருக்கின்றன.

லெனோவோவில் ஐடியாசென்டர் வீட்டுக்கு, திங்க்சென்டர் அலுவலகத்துக்கு. ஏசரில் ஆஸ்பயர் வீட்டுக்கு, வெரிட்டான் அலுவலகத்துக்கு. எச்.பி.யின் அலுவலக வரிசைகளில் புரோடெஸ்க் பலருக்குத் தெரிந்த பெயர். டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் வரிசைக்கு 2025ல் டெல் புரோ என்று பெயர் மாற்றினார்கள்.

அலுவலக வரிசை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். வண்ண விளக்கெல்லாம் இருக்காது. ஆனால் நாள் முழுவதும் ஓடுவதற்கென்று செய்தது. திறந்து பழுது பார்ப்பது சுலபம். கழற்றி மாட்டும் முறையை விளக்கும் கையேடும் கம்பெனியின் தளத்தில் கிடைக்கும். மூன்றாண்டு வாரண்டியோடு வாங்கவும் முடியும்.

இதிலும் ஒரு குறை உண்டு. இந்தச் சிறிய பெட்டிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். நான் 2004ல் பட்ட அதே தொல்லை! எனவே இவற்றை வாங்குவதானால் நீண்ட வாரண்டியோடு வாங்குங்கள். மானிட்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பக்கத்தில் சர்வீஸ் இல்லாத ஊர்களில் அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை.

அசெம்பிள்டு நல்லதா?

நல்லதுதான், கடைக்காரர் நல்லவராக இருந்தால். ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவில் வரும் கேபினெட், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். மாட்டினால், எந்தப் பாகம் போனாலும் எந்தக் கம்பெனியின் பாகத்தையும் வாங்கி மாட்டலாம்.

இங்கே வாரண்டி கம்ப்யூட்டருக்கு மொத்தமாகக் கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். மற்றவற்றுக்குக் கம்பெனியைப் பொறுத்து மாறும். எனவே ஒவ்வொரு பாகத்தின் பெட்டியையும் பத்திரமாக வைத்திருங்கள். பில்லில் பாகங்களின் பெயரும் சீரியல் நம்பரும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அசெம்பிள் செய்பவர்கள் காசை மிச்சப்படுத்தும் இடம் எஸ்.எம்.பி.எஸ். "கேபினெட்டோடு சேர்ந்து வருது சார்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது முதல் அடியைத் தாங்குவது அதுதான். அதன் மேல் 80 பிளஸ் முத்திரை உள்ளதா என்று பாருங்கள். அது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று. அது இருந்தால் மட்டமான சரக்குகள் பெரும்பாலும் கழிந்துவிடும். பிராண்டட் கம்ப்யூட்டரில் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் சேர்ந்தே வரும் என்பதையும், அசெம்பிள்டில் அதைத் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் விலையை ஒப்பிடும்போது மறந்துவிடாதீர்கள்.

நம் ஊரின் சோதனைகள்

கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஏ.சி. அறையில் செய்யப்பட்டவை. மேலகரத்திலும் குற்றாலத்திலும் ஏ.சி.யைவிடக் குளிரும் ஈரமும் தானாகவே வந்துவிடும்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல். ஜன்னலோரம் வைத்த கம்ப்யூட்டரில் ஈரக்காற்றும் தூசும் சேர்ந்து மதர்போர்டில் படியும். ஈரமான தூசு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஜன்னலிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சாரல் காலத்தில் பல நாள் மூடிப் போட்டு வைக்காமல் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே வரும் இளம் சூடே ஈரத்தை விரட்டிவிடும்.

அடுத்து பல்லியும் எறும்பும். சிரிக்காதீர்கள். சூடு தேடி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆன கம்ப்யூட்டர்களை நானே பார்த்திருக்கிறேன். கேபினெட்டின் பின்பக்கம் காலியாக உள்ள ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடச் சொல்லுங்கள். காற்றோட்டத் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். பிராட்பேண்ட் கேபிளையும் கழற்ற வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதா? உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை என்று பொருள். எலெக்ட்ரீசியனை அழைத்து முதலில் அதைச் சரி செய்யுங்கள். எர்த் இல்லாத வீட்டில் எந்த பிராண்டும் உழைக்காது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மின்னல், வோல்டேஜ், தண்ணீர், பூச்சி ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு வழக்கமான வாரண்டியில் இடமில்லை. எந்தக் கம்பெனியானாலும் வாரண்டித் தாளின் சிறிய எழுத்துகளில் இது இருக்கும். ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸுக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் விலையைப் பேச வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

அந்தப் பெண்ணிடம் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். பெயருக்குப் பதிலாக நான் கொடுத்தது இந்தத் தாளைத்தான்.

1. சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது? தென்காசியிலா, சுமார் 55 கி.மீ. தள்ளித் திருநெல்வேலியிலா, அதற்கும் அப்பால் மதுரையிலா? கடைக்காரர் சொல்வதோடு விடாமல், கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் செய்து உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள்.

2. வாரண்டி ஆன்சைட்டா, கேரி இன்னா? ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். கேரி இன் என்றால் நாம் தூக்கிச் செல்ல வேண்டும். "அடுத்த வேலை நாளே வருவோம்" என்ற வாக்கு எல்லா ஊர்களுக்கும் பொருந்தாது. உங்கள் பின்கோடுக்குப் பொருந்துமா என்பதைக் கேளுங்கள்.

3. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் பொது அளவா, கம்பெனி அளவா? கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

4. ராம் எவ்வளவு, கூடுதலாக மாட்ட இடம் உண்டா? டேலி, பிரவுசர், எக்செல் என்று நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் இருக்க வேண்டும். பழைய வகை ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள கம்ப்யூட்டரை இன்று வாங்க வேண்டாம்.

5. இவற்றையெல்லாம் பில்லில் எழுதித் தருவீர்களா? மாடல், சீரியல் நம்பர், வாரண்டிக் காலம், 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் பின்னால் முறையிடுவது கடினம்.

இவற்றோடு, கம்ப்யூட்டரின் மேலோ அட்டைப் பெட்டியிலோ பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மின் பாதுகாப்புக்கான பதிவு அது. பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த எண் சரியா என்று நீங்களே பார்க்கலாம்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா?

அலுவலகங்களில் கழித்த கம்ப்யூட்டர்களைச் சரி செய்து பாதி விலைக்கும் குறைவாக விற்கிறார்கள். நல்ல அலுவலக வரிசை கம்ப்யூட்டர்கள் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல்லில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும், டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். 6, 7ஆம் தலைமுறை கம்ப்யூட்டரில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தந்து "எல்லாம் ஓடும்" என்பவர்கள் உண்டு. பிறருடைய வரவு செலவுக் கணக்கைக் கையாளப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

வாங்கிய பிறகு

மின்னணுப் பொருட்களில் ஓர் இயல்பு உண்டு. தயாரிப்புக் குறை உள்ளவை பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே பழுதாகிவிடும். அதைத் தாண்டியவை பல ஆண்டுகள் ஓடும். வயதான பிறகு மீண்டும் பழுதுகள் கூடும். எனவே புதுக் கம்ப்யூட்டரை உறை போட்டு மூடி வைக்காதீர்கள். முதல் மாதம் தினமும் பல மணி நேரம் ஓட்டுங்கள். எல்லா யு.எஸ்.பி. போர்ட்டுகளையும் பயன்படுத்திப் பாருங்கள். குறை இருந்தால் கடைக்காரரின் ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே வெளியே வரட்டும்.

வாங்கிய அன்றே சீரியல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் கொடுத்து வாரண்டி என்று முடிகிறது என்று பாருங்கள். சில சமயம் நீங்கள் வாங்கிய தேதிக்குப் பதிலாக, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த தேதியிலிருந்து கணக்கு தொடங்கியிருக்கும். பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

கம்பெனியோ கடையோ இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். இந்த வழிகள் எனக்கு 2004ல் தெரிந்திருந்தால் 23 நாள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. வாரண்டியில் புதிய டிஸ்க் தருவார்கள். அதில் இருந்த கணக்குகளைத் தர மாட்டார்கள். வாரம் ஒரு முறையாவது முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்கில் காப்பி எடுத்து வையுங்கள். இதை எந்த பிராண்டும் உங்களுக்காகச் செய்யாது.

அந்தப் பெண் என்ன வாங்கினாள்?

தாளை எடுத்துக்கொண்டு அம்மாவும் மகளும் மூன்று கடைகளுக்குப் போனார்கள். முதல் கடைக்காரர், "இதெல்லாம் யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாராம். இரண்டாவது கடையில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றார்கள், பில்லில் எழுதக் கேட்டபோது மட்டும் முடியாது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டி, சர்வீஸ் சென்டருக்கு அவர் முன்னாலேயே போன் போட்டுக் கொடுத்து, ஐந்துக்கும் பதில் சொன்னார். விலை மற்ற இரண்டு கடைகளையும்விடச் சற்று அதிகம். யு.பி.எஸ்.ஸோடு சேர்த்துப் பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டியது. மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தார்கள்.

என்ன பிராண்ட் என்று இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் தெருவுக்குச் சரியாக இருப்பது உங்கள் ஊருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது மாதம், சாரல் பிடித்த ஒரு காலையில் அந்தப் பெண் ஓடி வந்தாள். "மாமா, கம்ப்யூட்டர் ஆன் ஆகல. பீப் பீப்னு சத்தம் மட்டும் வருது. நாளன்னைக்கு ரிட்டர்ன் போட கடைசி நாளு." நான் எதையும் தொடவில்லை. பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் செய்யச் சொன்னேன். மறுநாள் மதியம் ஆள் வந்தார். ராம் ஸ்லாட்டில் ஈரத்தூசு. துடைத்து மாட்டியதும் ஓடிவிட்டது. அன்று இரவே உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் இப்போது ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு இன்னும் என் மேல் முழுச் சமாதானம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். போன வாரம் அவருடைய அக்கா மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று வந்தார். "பேரு எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் தாளை இன்னொரு காப்பி எடுத்துக் குடுங்க" என்றார்.

நீங்களும் இந்தப் பக்கத்தின் ஐந்து கேள்விகளைக் காப்பி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.